அம்மாவின் பெயர் வைத்த வண்டு

தம்பி,

கடிதத்தின் தலையில் வழக்கம்போல 'நலம்' என்று எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அது பொய் என்று வெட்டவும் மனம் வரவில்லை. சாப்பிடுகிறேன். நித்திரை வருகிறது. பிரஷர் குளிசையை நேரத்துக்குப் போடுகிறேன். தோட்டத்துக்கு இறைக்கிறேன். உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்லை. உன் அம்மா போன பிறகு வேறு எதுவுமே இல்லை, அவ்வளவுதான். ஆகவே நலம் என்றே வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தப் புதுப் போனில் உன் முகம் தெரிகிறது. முகம் தெரிந்தால் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, "அங்கை குளிரோ?" என்று கேட்கத் தொடங்கிவிடுவேன். கடிதம் என்றால் நீ குறுக்கே கதைக்க மாட்டாய். அன்று நீ சொன்னது இதுதான்: "அப்பா, சாடியிலை கண்டதை ஆருக்கும் சொல்லாதேங்கோ. வண்டுகளைத் திறந்து விட்டிடுங்கோ. நான் அதை எழுதப் போறதில்லை. அம்மாவின்ரை பேர் இருந்திட்டுப் போகட்டும்." நான் "ம்" என்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். நான் சம்மதிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் வேலையை நான் விளங்கிக்கொண்டது சரியா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். பிழை என்றால் திருத்து. பூசணி, வெள்ளரி, பாகல், புடோல் என்று கொடியில் காய்க்கும் எல்லாவற்றின் இலையையும் வட்டம் வட்டமாக அரித்துத் தின்னும் இலை வண்டுகள் இருக்கின்றன. ஆசியா முழுக்க அவை இருக்கின்றன. ஒன்றுக்கொன்று நெருங்கிய அந்த இனங்களை எல்லாம் சேர்த்து ஒரே சாதி என்கிறீர்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக ஆளாளுக்குப் பிடித்து, ஆளாளுக்குப் பெயர் வைத்து, அந்தச் சாதி பெரிய குழப்பமாகக் கிடக்கிறது. எது உண்மையில் தனி இனம், எது ஒரே இனத்தின் வேறு நிறம் என்று பார்த்துப் பிரித்து அடுக்குவதுதான் ஜேர்மனியில் செத்த பூச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் அந்த நூதனசாலையில் நீ இவ்வளவு காலமாகச் செய்கிற வேலை. இதை நீ முதல்முறை விளங்கப்படுத்தியபோது அம்மா கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். "ஊரிலை சாதி பாக்கிறது காணாதெண்டு உவன் பூச்சிக்கும் சாதி பாக்கப் போயிட்டான்" என்றாள். நீ கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டு ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாய்.

எங்கள் புத்தூர்த் தோட்டத்துப் பூசணியில் எப்போதும் இருப்பது முழுச் சிவப்பு வண்டு. அதை எல்லாரும் அறிவார்கள். முதுகு கறுப்பாக இருந்த ஒன்றை அம்மாதான் முதலில் கண்டாள். போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, "இது சட்டை மாத்திப் போட்டவன், உன்ரை சிவப்பன் இல்லை" என்று குரலும் பதிந்து அனுப்பினாள். அடுத்த விடுமுறைக்கு நீ வந்தாய். கொடிக்குக் கீழே முழங்காலில் நின்று சிலதைப் பிடித்துக்கொண்டு போனாய். கழுத்துத் தகட்டில் குறுக்கே ஓடுகிற பள்ளம் கொஞ்சம் ஆழம், முதுகு கறுப்பு, இது வேறு இடத்தில் இல்லை என்று எழுதி, புது இனம் என்று வெளியிட்டாய். அந்த இனத்துக்கு அம்மாவின் பெயரை வைத்தாய். தவமணியே. இலத்தீனில் அப்படித்தான் முடிய வேண்டுமாம்.

அம்மா அதைக் கேட்டதும் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எழுதும்போது குரல் கேட்கிறது. "ஏன்ரா, என்ரை பேரை வைக்க உலகத்திலை ஒரு பூ கிடைக்கேல்லையோ? விடிய வெள்ளன நான் சாம்பல் போட்டுத் துரத்திற சாமானுக்கோ என்ரை பேர்?" ஆனால் நீ போனை வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் அவள் சேலை மாற்றிக்கொண்டு பெரியமாமா வீட்டுக்குப் போனாள். மறுநாள் அச்சுவேலிச் சந்தையில் பூசணிக்காய் கொடுக்கும் ஆளுக்குச் சொன்னாள். அந்த ஆள், "அப்ப அக்கா, உங்கடை பேரிலை இனி மருந்தடிக்க வேணுமோ?" என்று கேட்டானாம். அதையும் வந்து எனக்குச் சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு வேலிக்கரையில் இருந்த ஒரு பூசணிக்கு மட்டும் சாம்பல் போடுவதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அது என்ரை பேர்க்காரர் தின்னட்டும். நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ" என்றாள். அந்தக் கொடியில் கடைசிவரை ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. இலையெல்லாம் சல்லடை. அவளுக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு மார்கழியில் தலையிடி என்று படுத்தாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீ வந்து சேர்ந்தாய், செய்ய வேண்டியதைச் செய்தாய்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் நீ இங்கே நின்ற நாட்களைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. வீடு நிறையச் சனம். நீ ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு நடுவில் இருக்க முடியாமல் பின்னால் தோட்டத்துக்குப் போய்விடுவாய். ஒருநாள் காலை, அம்மாவின் அந்தக் கொடியில் கறுப்பு முதுகுக்காரரைக் கண்டு, வழக்கம்போல மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு போனாய். வண்டை உள்ளே போட்டால் செத்துவிடும், பிறகு ஊசியில் குத்தலாம். பெரியமாமி கண்டுவிட்டா. "தம்பி, என்ன வேலை பாக்கிறாய்? தாயின்ரை முப்பத்தொண்டு முடியேல்லை. துடக்கு வீட்டிலை ஒரு எறும்பையும் நசுக்கக் கூடாது. உயிர்க்கொலை செய்யாதை" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டா. உனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் பெரிதாக இல்லை. ஆனால் நீ போத்தலை மூடி வைத்துவிட்டு வந்தாய். மாமியோடு வாதாட உன்னிடம் தெம்பு இருக்கவில்லை. என்னிடமும் இருக்கவில்லை.

கொல்லக் கூடாது என்பதால் அவற்றை உயிரோடு வைத்திருந்தாய். ஒரு பெரிய பூச்சாடியில் பூசணி நாற்று நட்டு, அம்மாவின் கட்டிலில் கட்டியிருந்த நுளம்பு வலையை வெட்டிச் சுற்றிக் கட்டி, கறுப்பு வண்டுகளை மட்டும் உள்ளே விட்டாய். முப்பத்தொன்று முடிந்ததும் கொல்லலாம் என்று நினைத்திருப்பாய். ஆனால் அந்தியேட்டிக்கு மறுநாளே விமானம். கீரிமலைக் கடலில் காரியம் முடித்து முழுகி வந்த ஈரத்தோடு சாமான் அடுக்கினாய். வாசலில் நின்ற வாடகை வானுக்குள் ஏறிய பிறகு யன்னலால் தலையை நீட்டி, "அப்பா, அந்தச் சாடிக்குத் தண்ணி ஊத்துங்கோ, வாடினால் புது நாத்து வையுங்கோ" என்றாய். பிள்ளை வெளிநாடு போகும்போது தகப்பனுக்குச் சொல்ல வேறு எவ்வளவோ இருந்திருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

தம்பி, இந்த மாதங்களை நான் எப்படிக் கடத்தினேன் என்று நீ ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய், நான் பேச்சை மாற்றுகிறேன். இப்போது சொல்கிறேன். பல்லுப் பிடுங்கப் போனால் முரசு விறைக்க ஊசி போடுவார்கள். பிறகு உதட்டைக் கடித்தாலும் தெரியாது, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் இரத்தத்தைப் பார்த்துத்தான் கடித்தது தெரியும். எனக்கு அப்படி இருக்கிறது. செத்தவீட்டில் எல்லாரும் "அழுங்கோ, அழுதால்தான் பாரம் குறையும்" என்றார்கள். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. கவலை என்று ஒன்று எங்கோ இருக்கிறது, அது என்னுடையது போலத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு வானொலி மாதிரி. தேத்தண்ணி போட்டால் சீனி போட்டேனா இல்லையா என்று குடித்த பிறகும் தெரிவதில்லை. அந்தச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் ஒரு வேலையாக இருந்தது. காலையில் எழும்ப அது ஒரு காரணம். வண்டில் எனக்கு அன்பு ஒன்றும் இல்லை, அதைத் தப்பாக நினைத்துவிடாதே.

கறுப்பு வண்டுகள் கொஞ்ச நாளில் செத்தன. நான் சாடியை எறியவில்லை. நாற்று வாடினால் புது நாற்று நட்டேன். நீ சொல்லியிருந்தாய், இவை மண்ணுக்குள் முட்டை இடும், புழு வேரைத் தின்று மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும் என்று. ஒருநாள் வலைக்குள் புது வண்டுகள் இருந்தன. கறுப்பு முதுகு சில. முழுச் சிவப்பு அதைவிடக் கூட. எல்லாம் ஒரே இலையில் இருந்து தின்றன. எனக்கு அது என்ன என்று உடனே விளங்கிவிட்டது. கறுப்பைத் தவிர வேறொன்றும் உள்ளே விடவில்லை. கறுப்பின் பிள்ளைகளில் சிவப்பும் இருக்கிறது என்றால், சிவப்பும் கறுப்பும் ஒரு தாய்ப் பிள்ளைகள். தனி இனம் என்று ஒன்று இல்லை. அம்மாவின் பெயருக்கு உரிய வண்டு என்று ஒன்று இல்லை.

உடனே உனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் ஆயுளைக் கழித்தவன் நான். ஒரு தடவை பார்த்ததை நம்பக் கூடாது. தோட்டத்து மண்ணைத்தானே சாடிக்குப் போட்டாய், சிவப்பின் முட்டை அந்த மண்ணோடு வந்திருக்கலாம். ஆகவே இன்னொரு சாடிக்கு மண்ணை அம்மா அரிசிமா வறுக்கும் தாச்சியில் போட்டு வறுத்தேன். அவள் கண்டிருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இல்லை. விதையைக் கழுவிப் போட்டேன். வலையைத் தைத்தேன். முதல் சாடிக்குள் பிறந்த கறுப்பிலே ஒரு சோடியை மட்டும் பிடித்து விட்டேன். மறுபடி அதே கதைதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் உனக்குச் சொன்னேன்.

நீ மெதுவாக, "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது அப்பா" என்றாய். வெட்டிப் பார்த்தபோது உள்ளுறுப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாக இல்லை, பள்ளத்தின் ஆழம் வண்டின் பருமனோடு மாறுகிறது என்றாய். இந்தச் சாதியைப் பற்றிய உன் பெரிய புத்தகம் முடிகிற நேரத்தில், உன் கையாலேயே அந்தப் பெயரை எடுத்து, வெள்ளைக்காரன் எப்போதோ சிவப்பு வண்டுக்கு வைத்த பழைய பெயருக்குக் கீழே போட வேண்டும் என்றாய். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது உங்கள் சட்டமாம். "பேர் அழியாது அப்பா, மறுபெயர் எண்டு கீழை சின்ன எழுத்திலை இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாய். பிறகு அதுவும் வேண்டாம், மறைத்துவிடலாம் என்றாய். "உங்களுக்கு அம்மாவின்ரை பேராவது இருக்கட்டும்" என்றாய். நான் என்ன செய்வது என்று தெரியாமல் "ம்" என்றேன்.

இப்போது என் பதிலைச் சொல்கிறேன். எனக்காக மறைக்காதே.

ஒரு சம்பவம் சொல்கிறேன், இதை உனக்கு முன்னர் சொல்லியிருக்க மாட்டேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலம். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கிளினிக்குக்கு வருவார். வலை இழுத்து உரமேறிய ஆள். ஒருநாள் மருந்து எடுக்க யன்னலடியில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். பிரஷர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. எழுப்பி, உப்பும் தண்ணீரும் கொடுத்து, மடியில் கட்டியிருந்த குளிசைகளை எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்தது ஒரு பெயர். மகள் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பியது வேறொரு பெயர். பெட்டி வேறு, நிறம் வேறு, உள்ளே இருந்தது ஒரே மருந்து. ஆள் இரண்டையும் ஒழுங்காக, விசுவாசமாகப் போட்டு வந்திருக்கிறார். "ரெண்டும் ஒண்டுதான் ஐயா" என்றேன். அவர் நம்பவில்லை. "உதெப்பிடி ஒண்டாகும்? இது சிவப்பு, அது வெள்ளை. பேரும் வேறை. என்ரை பிள்ளை கஷ்டப்பட்டு அனுப்பினது" என்றார். மகள் அனுப்பியதை விட அவருக்கு மனம் இல்லை. அதனால் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திக்கொள்ளச் சொன்னேன், பெரிய டொக்டரும் சரி என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகும் பல காலம் இருந்தார்.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் எங்கோ ஒருவன் விழுவான் என்று அன்றைக்கு எனக்குப் பதிந்தது. உன் வண்டால் யாரும் விழப் போவதில்லை என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் நாளைக்கு வேறொரு பிள்ளை உன் புத்தகத்தை நம்பி, புத்தூருக்கென்றே ஒரு தனி இனம் இருக்கிறது என்று தேடி வரும், தன் காலத்தை அதில் போடும். நீ அதற்குத் தெரிந்தே ஒரு பொய்யைக் கொடுத்திருப்பாய். முதலில் பிழை விட்டது பரவாயில்லை, அன்றைக்கு உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்த பிறகும் விட்டு வைப்பது வேறு விஷயம்.

அம்மா இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாளா என்று நீ கேட்பாய். சொல்லியிருக்க மாட்டாள். செத்தவர்களைப் பற்றி உயர்வாக எழுதும் கடிதம் இல்லை இது. உன் அம்மா, சந்தையில் முந்தாநாள் ஆய்ந்த பாகற்காயை இன்று காலை ஆய்ந்தது என்று சத்தியம் பண்ணக் கூடியவள். வயதைக் கேட்டால் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் ஒவ்வொன்று சொன்னவள். "ஆருக்குத் தெரியப் போகுது? பேசாமல் இருங்கோவன். கிடைச்ச பேரை ஆரும் திருப்பிக் குடுக்கிறதோ?" என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தப் பெயரில் அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆகவே அவளுக்காக இதைச் செய்கிறோம் என்று நாம் இருவரும் நம்மை ஏமாற்ற வேண்டாம். அவளுக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் நான் உன்னைச் செய்யச் சொல்கிறேன். அவள் உயிரோடு இருந்தபோதும் நாங்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போனதில்லை. செத்த பிறகு மட்டும் அவள் சொல்லுக்கெல்லாம் தலையாட்டினால், அது அவளுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

ஊருக்கு என்ன சொல்வது என்று நீ பயப்படுகிற மற்ற விஷயத்தையும் நான் முடித்துவிட்டேன். அந்தியேட்டியன்று வந்தவர்களுக்கெல்லாம் அம்மாவின் நினைவாக அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? வம்சாவளிக்கு எதிர்ப் பக்கத்தில் வண்டின் படம் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் பெரியமாமா. தேவாரமும் திருவாசகமும் வருகிற புத்தகத்தில் வண்டு எதற்கு என்று நான் கேட்டேன், என் பேச்சு எடுபடவில்லை. பாட்டுக் கட்டிய புலவருக்குப் பெயர் வசதியாகப் போய்விட்டது. ஒவ்வொரு பாட்டையும் தவமணியே, தவமணியே என்று முடித்து, ஒன்றில் பூசணி வண்டையும் கொண்டுவந்து, உலகுள்ளவரை அழியாப் பெயர் பெற்றாள் என்று எழுதிவிட்டார். அதைத்தான் ஊரெல்லாம் வீட்டில் வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். அவர் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். மண்வெட்டியைப் பாத்தியில் ஊன்றினார்.

"அப்ப மச்சான், கல்வெட்டிலை அடிச்சது பொய்யோ?"

"அண்டைக்கு அது பொய் இல்லை. இண்டைக்குத்தான் தெரியும்."

"ஊரெல்லாம் குடுத்தாச்சே. லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பினனாங்கள். இனி என்னெண்டு சொல்லுறது?"

"கேட்டால் சொல்லுவம். கேக்காட்டில் விடுவம்."

"உமக்குக் கவலை இல்லையோ? என்ரை தங்கச்சியின்ரை பேர் ஐசே. உம்மடை மனுசி."

எனக்குக் கவலை இல்லையோ என்று அவர் கேட்டபோது, நான் உண்மையாகவே உள்ளுக்குள் தேடிப் பார்த்தேன், தம்பி. ஒன்றும் தட்டுப்படவில்லை. "தெரியேல்லை அண்ணை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். புறப்படும்போது, "பெடியனைக் கஷ்டப்படுத்தாதையும். அவன் செய்யிறதைச் செய்யட்டும்" என்றார். மாமா சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள். அவர் வாயால் அதற்கு மேல் வராது.

ஆகவே ஊரை நினைத்தும் நீ மறைக்க வேண்டியதில்லை. என்னை நினைத்தும் வேண்டியதில்லை. வயது போனவர்களுக்கு உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறீர்கள். நாங்கள் எதை எதையோ தாங்கித்தான் இந்த வயதுக்கு வந்திருக்கிறோம். நாளைக்கு உனக்கு ஒரு வேலை போனால், ஒரு வருத்தம் வந்தால், கலியாணம் செய்து அது சரிவராமல் போனால், அதையும் எனக்குச் சொல்லாமல் விடுவாயோ என்றுதான் எனக்கு இப்போது யோசனை. ஞாயிறுதோறும் உன் முகத்தைப் பார்ப்பேன், அதில் எது மறைத்தது, எது மறைக்காதது என்று தெரியாமல் இருப்பேன். மிச்சமிருப்பது நாம் இரண்டு பேர். இரண்டு பேருக்குள் அப்படி ஒன்று வேண்டாம்.

வண்டுகளை நான் திறந்து விடவில்லை. சாடியில் தாமாகச் செத்தவற்றை, கறுப்பையும் சிவப்பையும், பஞ்சு வைத்துக் குளிசைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சாடியின் பிள்ளைகள் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அச்சுவேலியில் ஒரு குடும்பம் உன் பக்கம் வருகிறது, கொடுத்து விடுகிறேன். புத்தகத்தில் அவற்றைச் சேர். பழைய பெயர் மேலே வரட்டும். அம்மாவின் பெயரை எந்த எழுத்தில் போடுவாயோ போடு. வேறு ஒருவர் வந்து கண்டுபிடித்து அதை எடுப்பதைவிட, வைத்த நீயே எடுப்பது நல்லது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இரண்டாம் தடவை வைத்த சாடியில் முதல் வண்டுகள் வெளியே வந்த காலை. விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் ஊற்றப் போனவன் வலைக்குள் பார்த்தேன். ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில், இன்னும் உடம்பு இறுகாமல், மண் ஒட்டியபடி தளிரில் இருந்தன. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என்ன சந்தோஷம் என்று கேட்காதே, சரியாகச் செய்தேன் என்ற சந்தோஷம் போல. அம்மா போன பிறகு அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல். நான் குனிந்தபடியே, தலையைத் திருப்பாமல், "தவம், இஞ்சை ஓடியா, வந்து பார்" என்று உரத்துக் கூப்பிட்டேன்.

அவள் எப்போதும் உடனே வர மாட்டாள். கிணற்றடியிலிருந்து "வாறன், பொறுங்கோ" என்று ஒரு குரல் வரும், பிறகுதான் ஆள் வரும். நான் அந்தக் குரலுக்காகக் குனிந்தபடியே நின்றேன். முதுகு நோகும்வரை நின்றேன்.

அவளுடைய பெயர் எனக்குப் போதும் என்று நீ நினைக்கிறாய். அந்தப் பெயர் என்னிடம்தான் இருக்கிறது, தம்பி. நினைத்த நேரம் கூப்பிடலாம். உன் புத்தகத்தில் அதை மேலே போட்டாலும் கீழே போட்டாலும், நான் கூப்பிட்டால் யாரும் வரப் போவதில்லை. அதனால் பயப்படாமல் எழுது.

அப்பா